புளி கொஞ்சம் தூக்கல்

"கலர் நல்லாத்தான் இருக்கு, ஆனா புளி கொஞ்சம் தூக்கல்."

தமிழ் மன்ற ஆண்டு மலரில், பிரெஞ்சு ஓவியர் ஒதீல் அமலோரின் பழுப்பு ஓவியங்களைப் பற்றிய விமர்சனக் கட்டுரையின் நட்டநடுவில் இந்த வரி அச்சாகியிருந்தது. எழுதிய பிச்சுமணியே அச்சில் வந்த பிறகுதான் அதைப் பார்த்தார்.

நியூயார்க் பக்கத்து வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் அவர் பொறுப்பு. ஒரு கையால் கிளறிக்கொண்டே கட்டுரையை வாயால் சொல்ல, போன் எழுதிக்கொண்டது. சாம்பாரை ருசி பார்த்த மனைவி ஷ்யாமளாவின் தீர்ப்பையும் சேர்த்தே எழுதிவிட்டது. மனிதர் ஒருமுறை படித்துப் பார்க்காமல் அனுப்பித் தொலைத்தார்.

இன்றைய பிரெஞ்சு ஓவியர்களைப் பற்றி ஒன்பது வருஷமாக எழுதுகிறார், பாவம், ஒரு ஜீவன் படித்ததில்லை. "இந்தத் தடவையும் யாரும் படிக்கலேன்னா அந்த ரெண்டு பக்கம் ரியல் எஸ்டேட் விளம்பரத்துக்குத்தான்" என்று மலராசிரியர் நெடுஞ்செழியன் கறாராகச் சொல்லியிருந்தார்.

பிச்சுமணி அவருக்கு போன் போட்டார். "சார், அந்தப் புளி..."

"அதான் சார் வாட்ஸப் க்ரூப் பூரா ஓடுது! என்ன சார் அர்த்தம்?"

உண்மையைச் சொன்னால் பக்கம் போச்சு. "அது ஒரு விமர்சனக் கோட்பாடு."

"அப்போ சனிக்கிழமை லைப்ரரில ஒரு டாக் குடுத்துடுங்க!"

தப்பிக்க வழி தேடினார். "அந்த ஓவியரே வந்தாத்தான் சார் பேசுவேன்."

"அவங்க எக்ஸிபிஷன் நியூயார்க்லதானே நடக்குது? இப்பவே மெயில் பண்றேன்."

சனிக்கிழமை ஒதீல் அமலோர் வந்தேவிட்டார். முதல் வரிசையில், வெள்ளை முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு, மடியில் மலரை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். படம் பார்க்கிறார் போலும் என்று பிச்சுமணி நினைத்துக்கொண்டார்.

"உண்மைய சொல்லிடுங்க" என்று ஷ்யாமளா கிசுகிசுத்தாள். அவர் கேட்கவில்லை. "புளிப்பு என்பது காலத்தின் படிவு..." என்று அரைமணி நேரம் வெளுத்து வாங்கினார். எண்பது பேர் குறிப்பெடுத்தார்கள். ஷ்யாமளா துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நெடுஞ்செழியன் பூரித்துப்போனார். "அடுத்த வருஷம் உங்களுக்கு நாலு பக்கம் சார்! மேடம் மட்டும் ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லிட்டா போதும்." மைக் கைமாறியது. பிச்சுமணி மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

ஒதீல் அமலோர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அச்சு அசல் பாண்டிச்சேரித் தமிழில் சொன்னார்:

"முப்பது வருஷமா பாரிஸ்ல ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கலீங்க, அந்தப் பழுப்பு எங்க ஊர்ப் புளியக் கரைச்சுப் பூசினது, தூக்கல்தான், ஒத்துக்கறேன்!"