மூட்டு மகானும் ஆறு பட்டைகளும்

விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருந்த கூடத்துக்குள் அன்று நொண்டாமல் போனவர் ஒரே ஒருவர்தான். அவர் மூட்டு மகான்!

மற்றவர்கள் எல்லோரும் நொண்டினார்கள். கால்பந்துக்காரர் நொண்டினார். சைக்கிள்காரர் நொண்டினார். மலையேறிவிட்டு, இறங்க முடியாமல் உட்கார்ந்தபடியே சறுக்கி வந்த வங்கி மேலாளரும் நொண்டினார். ஆனால் எல்லோர் முகத்திலும் பரவசம். வானத்திலிருந்து விழுந்த கல்லை உள்ளே வைத்துத் தைத்த கறுப்புப் பட்டையை மகான் முட்டியில் கட்டிவிடுவார். கிழிந்த ஜவ்வு கூடிவிடும். வானத்துக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. கேட்டால் சக்தி இறங்காதாம். சக்திக்கு அவ்வளவு கூச்சம்!

வரிசையில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்ணும் இருந்தார். வாரமெல்லாம் உட்கார்ந்து ஓட்டுவார். ஞாயிறானால் மலையில் எழுந்து ஓடுவார். மூன்று வாரத்துக்கு முன் இறக்கத்தில் கால் திருகி, இடது முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது. 'பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்யுங்கள், அதுவரை ஓட்டம் கிடையாது' என்றார் இயன்முறை மருத்துவர். 'பட்டையைக் கட்டிக்கொண்டு இந்த ஞாயிறு பந்தயத்திலேயே ஓடுங்கள்' என்றார் மகான். யார் பேச்சு இனிக்கும்?

கூடவே, நொண்டும் கணக்கில் சேராத துணையாக, அவருடைய நாத்தனாரும் வந்திருந்தார். கடைத் தராசுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை. முள் நேராக நின்றால் முதலில் முள்ளைத்தான் சந்தேகப்படுவார்.

"அண்ணி, பாதி இறக்கத்துல முட்டி பூட்டிக்கிச்சுன்னா யாரு தூக்கிட்டு வர்றது? எங்கண்ணனா? அவரு காய்கறிப் பையவே மூணு இடத்துல வச்சு வச்சுத்தான் தூக்கிட்டு வர்றாரு."

"வாய மூடிக்கிட்டுப் பாரு. கண்ணு முன்னாடியே காட்டுறாரு."

காட்டினார். அண்ணியை மேடையேற்றி, நல்ல காலில் ஒற்றையாக நின்று கைகளை விரிக்கச் சொன்னார். விரித்த கையை இரண்டு விரலால் அழுத்தினார். அண்ணி சாய்ந்தார். பட்டையைக் கட்டி மறுபடி அழுத்தினார். அசையவில்லை! கூடம் அதிர்ந்தது. ஒருவர் ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு, அதை எடுக்கக் குனிய முடியாமல் தவித்தார்.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்" என்று எழுந்தார் நாத்தனார்.

"கல்லுக்குச் சந்தேகம் ஆகாதும்மா."

"கல்லுக்குத்தானே ஆகாது? உங்களுக்கு ஆகும்ல?"

பையிலிருந்து ஆறு பட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். "ஆறும் நீங்க வித்ததுதான். வாங்கினவங்ககிட்ட கேட்டுத்தான் பிரிச்சு, மறுபடி தச்சிருக்கேன். எதுல கல் இருக்கு, எதுல இல்லன்னு அண்ணிக்குக் கட்டிப் பாத்துச் சொல்லுங்க."

மகானுக்குத் திடீரென்று நேரமாகிவிட்டது. பக்தர்கள்தான் விடவில்லை.

"இந்தம்மா மூஞ்சில கரியப் பூசுங்க சாமி!" என்று கத்தினார் கால்பந்துக்காரர்.

வேறு வழியில்லை. ஒவ்வொன்றாகக் கட்டி அழுத்தினார். நான்கு முறை அண்ணி நின்றார், இரண்டு முறை சாய்ந்தார்.

"இந்த நாலுல சக்தி இருக்கு. அந்த ரெண்டும் வெத்து" என்றார் மகான்.

கூடம் மறுபடி கைதட்டியது. நாத்தனார் கத்தரிக்கோலைக் கால்பந்துக்காரரிடமே கொடுத்தார். முதல் பட்டையிலிருந்து சோப்புத் துண்டு விழுந்தது. இரண்டாவதிலும் சோப்பு. ஆறிலும் சோப்பு!

"அப்ப அந்த வானத்துக் கல்லு?"

நாத்தனார் உள்ளங்கையை விரித்தார். "இதோ. ஆறுலயும் இருந்தத எடுத்துட்டு நான்தான் சோப்பு வச்சுத் தச்சேன். இது ரோடு போடுற ஜல்லி."

கால்பந்துக்காரர் அதை வாங்கி உருட்டிப் பார்த்தார். நாத்தனார் தொடர்ந்தார். "என்னையும் நம்பாதீங்க. ஒருத்தர ஒருத்தர் அழுத்திப் பாருங்க. கைய வெளிப்பக்கமா அழுத்தினா ஆளு சாயும். உள்பக்கமா, ஊனின கால் பக்கமா அழுத்தினா நிக்கும். அவ்வளவுதான் மகிமை."

கூடமே ஒற்றைக் காலில் நின்றது. மேலாளர் சைக்கிள்காரரைச் சாய்த்தார், சைக்கிள்காரர் மேலாளரை நிறுத்தினார். அந்தக் கூத்துக்கு நடுவே மகான் பின்வாசல் வழியாகப் பறந்தார். அத்தனை விளையாட்டு வீரர்கள் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. ஓடினவர்களில் நல்ல முட்டி அவருக்கு மட்டும்தானே இருந்தது!

அண்ணி மட்டும் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு உள்ளுக்குள்ள தெரியும்டி. ஆனா யாராவது ஓடலாம்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு."

நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டியில் வெட்டியபடி கிடந்த ஆறாவது பட்டையை அவிழ்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தய முடிவுக்கோட்டில் அண்ணி நாற்காலி போட்டு, காலை நீட்டி, தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணுவதும் விடுவதுமாக இருந்தார். ஓடி வந்தவர்களைப் பார்த்து வயிறு எரிந்தது. எரிந்தபடியே எண்ணினார்.

சைக்கிள்காரர் நொண்டிக்கொண்டே வந்து காதோடு சொன்னார். "அக்கா, பக்கத்து ஊருல ஒருத்தர் வந்திருக்காராம். தொடவே மாட்டாராம். ஊதினாலே முட்டி சரியாயிடுமாம். போலாமா?"

அண்ணி எண்ணுவதை நிறுத்தினார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முட்டியில கட்டினத அவுத்துட்டீங்க தம்பி. மூளையில கட்டினத எப்ப அவுக்கப் போறீங்க?"