எதிரணியில் ஒரு பேட்டரி

"அழகர்சாமி சுவா சூ காங்லேருந்து இன்னும் கிளம்பவே இல்லையாம்மா. நீ அணுமின் அணிக்கு மாறிக்கோ லா," என்றார் பட்டிமன்ற அமைப்பாளர் அண்ணாதுரை.

"அங்கிள், நான் சூரிய அணிக்குத்தான் தயார் பண்ணியிருக்கேன்."

"சயின்ஸ் படிச்ச பொண்ணுதானே, சமாளி."

ரக்‌ஷனா அரைமனதாக அணுமின் அணி மேசைக்கு நகர்ந்தாள். 'சிங்கப்பூருக்குச் சிக்கனம் அணுமின்சாரமா, சூரிய ஒளியும் பேட்டரியுமா?' என்பது தலைப்பு. சிராங்கூன் சாலை மண்டபத்தின் முன்வரிசையில் அப்பா. அணுசக்தி ஆய்வுக்கூடத்து வேலையில் அவள் சேர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அவளுக்கு ஒரு சின்ன பேட்டரி நிறுவனத்தின் மேல் ஆசை. ஒருமுறை சொன்னதற்கு, "கைப்பேசிக்குப் போடுறதா?" என்று கேட்டுவிட்டார். அதற்குமேல் வீட்டில் வாய் திறக்கத் தைரியமில்லாமல்தான் மேடையில் பேச வந்திருந்தாள்.

தன் உரையைச் சூரிய அணியின் கபிலனிடம் கொடுத்தாள். அப்பா காதில் விழுந்தால் போதும். கபிலன் பக்கங்களை மாற்றிப் படித்து, மழைக்காலத்தில்தான் வெயில் அதிகம் என்றான். சபை சிரித்தது. அப்பாவும்.

சரி, நாமும் முணுமுணுத்துச் சொதப்பிவிடலாம் என்று எழுந்தாள். அவள் குரல் சன்னமாக வந்ததால் மண்டபமே காதைத் தீட்டிக்கொண்டது.

"சூரிய ஒளி பேனல் மலிவுதான். ராத்திரிக்கு ஒரு பேட்டரி. நாள்கணக்கா மழை பெய்ஞ்சா அதுக்கு வேற பேட்டரி. எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க."

பலத்த கைதட்டல். அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம், "என் பொண்ணு," என்றார்.

பதறிப்போய், மேசைக்கடியில் கபிலனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினாள். அவன் எழுந்து வாசித்தான்.

"அணு உலை கட்டுறது வருஷக்கணக்கா இழுத்தா, கரண்ட் வர்றதுக்கு முன்னாடி வட்டி வந்துடும். பேட்டரி விலையோ இறங்கிக்கிட்டே வருது."

"பதில் சொல்லுங்க ரக்‌ஷனா," என்றார் நடுவர்.

"உலை பல வருஷம் ஓடும். ராத்திரி பகல் பார்க்காது." அதோடு உட்கார்ந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. "ஆனா... அவர் சொன்ன கணக்குதான் சரி. அதுலயும் ஒரு பாயிண்டை விட்டுட்டாரு. பக்கத்து நாட்டுலேருந்து கேபிள்ல கரண்ட் வாங்கினா இத்தனை பேட்டரியும் வேண்டாம்."

"நீங்க எந்த அணிம்மா?" என்றார் நடுவர். மண்டபம் குலுங்கியது. தீர்ப்பு சூரிய அணிக்குப் போனது.

அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. ஊர் முன்னால் அவர் மானத்தை வாங்கியாயிற்று; இனி அந்த வேலையில் சேர்வதைத் தவிர வழியில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

கீழே அண்ணாதுரை வடை தின்றுகொண்டிருந்தார்.

"அழகர்சாமியை வர வேணாம்னு சொன்னதே உங்கப்பாதாம்மா. 'எதிரணியில உட்கார வச்சும் பேட்டரியை விடலைன்னா, அவ இஷ்டப்படியே போகட்டும்'னாரு."