அப்பா இறந்துபோன தீவிலிருந்து

கிஹ்னு தீவு,
செவ்வாய்க்கிழமை மாலை, ஜூலை 1997

பெருமதிப்புக்குரிய என் அன்பு அப்பாவுக்கு,

மகள் கைசா பணிவுடன் எழுதுவது. தாங்கள் உயிரோடும் நலமோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தத் தீவில் அப்படி நம்புவது நானும் அம்மாவும் மட்டும்தான். மற்ற எல்லோரையும் பொறுத்தவரை தாங்கள் காலமாகிவிட்டீர்கள்.

உறையின் மேல் நம் மாடி வீட்டு ஹில்யா அம்மாளின் பெயர் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காலமானவருக்குக் கடிதம் போட்டால் தபால் நிலையத்து லெய்தா அத்தை என்ன நினைப்பார்? தொலைபேசியில் சொல்லலாம் என்றால், இங்கே அது கடையில், மாவு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்நேரமும் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் காதுபட “ஹலோ, அப்பாவா?” என்று நான் எப்படிக் கேட்பது?

நடந்ததை ஒழுங்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். சமையலறை நடுவில், சுவருக்கு அடிக்கிற பச்சை வண்ண டப்பாவை வைத்துவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் தாங்களுமாக, ஒரு வார்த்தை பேசாமல் நின்றீர்களே, அன்றைக்குத்தான் நாங்கள் கிளம்பினோம். இந்தத் தீவுக்கு வரும் புதுக் கப்பலின் இருக்கைத் துணியை அம்மாதான் வடிவமைக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். ஊர் ஊராகப் போய்க் கைவேலைகளைப் பார்த்தால்தான் கையில் கோடு வரும் என்று அம்மா சொன்னாள். முதலில் சேத்தோமாவுக்குப் போனோம். அங்கே பெண்கள் மார்பில் அணியும் வெள்ளிப் பதக்கம் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். அதைப் போட்டுப் பார்த்த அம்மா கழற்ற மனமில்லாமல் அப்படியே சாப்பிட உட்கார்ந்தாள், குனிந்தாள், பதக்கம் சூப்புக்குள் போய்விட்டது. வீட்டுக்காரம்மா இன்னொரு கிண்ணம் ஊற்றினார். பிறகு ஹாப்சாலு. அங்கே பின்னுகிற சால்வை அவ்வளவு மெல்லிசு, ஒரு மோதிரத்துக்குள் முழுதாகப் போய்விடும் என்றார்கள். அம்மா உடனே தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சால்வையை நுழைத்துப் பார்த்தாள். சால்வை போனது. அம்மா பரவசப்பட்டு இரண்டு மணி நேரம் அந்தச் சால்வையின் ஓட்டைகளை எண்ணினாள். மோதிரம் ஜன்னல் விளிம்பிலேயே இருந்துவிட்டது. பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் விரலைப் பார்த்தாள். சால்வைக்காரம்மா நம் வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். எனவே இந்த வாரம் தங்களுக்கு ஒரு கல்யாண மோதிரம் தபாலில் வந்தால், கூடவே ஒரு வரி எழுத்துகூட இல்லாமல் வந்தால், தயவுசெய்து அதற்கு எந்த அர்த்தமும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் மோதிரம் சின்ன விஷயம். பெரிய விஷயம் பாவாடை. கப்பல் ஏறுவதற்கு முன், பார்னு நகரத்துச் சந்தையில் பழந்துணி விற்கிற பெண்ணிடம் ஒரு கிஹ்னு பாவாடை இருந்தது. கருநீலம், கறுப்பு, அதற்கு நடுவே தலைமயிர் அளவுக்கு ஒரே ஒரு சிவப்புக் கோடு. “கைசா, இந்த நீலத்தைப் பாரேன், மழைக்கு முன்னாடி கடல் இருக்குமே, அதேதான்” என்று சொல்லிக்கொண்டே அம்மா அதை அங்கேயே இடுப்பில் கட்டிக்கொண்டாள். நான் அப்போது பள்ளி நூலகத்தில் எடுத்த தீவு உடைகள் பற்றிய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் அறுபதாம் பக்கம் வரை வந்தேன். அலை ஆட்டியதில் குமட்டல் வந்து மூடிவிட்டேன். அப்பா, நான் இன்னும் பதினோரு பக்கம் படித்திருந்தால் தாங்கள் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பீர்கள்.

துறையில் எங்களை அழைத்துப்போக வீரா அத்தை பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அவர் வீட்டில்தான் எங்களுக்கு அறை. தூரத்தில் சிரித்துக்கொண்டே கையாட்டியவர், அம்மாவின் பாவாடை தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கினார்.

“நீ பேசாம உக்காரும்மா. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்” என்றார்.

வழியில் எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த பெண்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்துத் தலையைத் தாழ்த்தினார்கள். அம்மா பக்கவண்டியிலிருந்து என் காதில் சொன்னாள்: “பாத்தியா, என்ன ஒரு மரியாதை. நம்ம தாலின்ல ஒருத்தராவது நமக்கு வழி விட்டிருக்காங்களா?” சாயங்காலத்துக்குள் மேசையில் மூன்று கறுப்பு ரொட்டி, ஒரு வாளி உருளைக்கிழங்கு, என் கை நீளத்துக்குப் புகையில் வாட்டிய விலாங்கு மீன் எல்லாம் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர்கள் மெதுவாகப் பேசினார்கள். பக்கத்து வீட்டில் ரேடியோவை அணைத்தார்கள். “ஒரு டிசைனரை எப்படி மதிக்கறதுன்னு இந்த ஊர்கிட்டதான் கத்துக்கணும்” என்று சொல்லிவிட்டு அம்மா விலாங்கில் பாதியைச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, கஞ்சி குடித்துக்கொண்டே எழுபத்தோராம் பக்கத்தைப் படித்தேன். கிஹ்னு பெண்களின் பாவாடைக் கோடுகள் மனநிலையைச் சொல்லும்; சிவப்பு நிறைந்தால் மகிழ்ச்சி, சிவப்பு குறையக் குறையத் துக்கம் என்று போட்டிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அம்மா குனிந்து தன் ஒற்றை மயிரிழைச் சிவப்பைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இப்பவே போய்ச் சொல்லிடறேன்” என்று எழுந்தாள். எழுந்தது உண்மை, அதற்கு நான் சாட்சி. ஆனால் கூடத்தில் வீரா அத்தை பெரிய மரப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே நாற்பது பாவாடைகள், ஒன்றைப் போல ஒன்று இல்லை. போன வருஷம் நகரத்திலிருந்து வந்த ஒருவர் இந்தக் கோடுகளைப் படம் எடுத்துப் போய்க் குளியலறைக் கால்மிதியில் அச்சடித்துவிட்டாராம். “எங்க கல்யாணக் கோட்டுல கால் துடைக்கறாங்களாம்” என்றார் வீரா அத்தை. அதற்குப் பிறகு வெளியாருக்குப் பெட்டி திறக்கவில்லையாம். கப்பல் இருக்கைக்குக் கோடு தரலாமா வேண்டாமா என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடி முடிவு செய்வார்களாம். அம்மா என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து முதல் பாவாடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “நாளைக்குச் சொல்லலாம்” என்றாள். அதற்குப் பிறகு ஏழு நாளைக்குகள் போய்விட்டன.

புதன்கிழமை கொல்லையில் எல்லோரும் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வீரா அத்தை நேராகவே கேட்டார்.

“இங்கிரித், கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. உன் வீட்டுக்காரர் கடல்லயா, வியாதியிலயா?”

அம்மாவுக்குக் காது சிவந்துவிட்டது. “அவர் பூகோள வாத்தியார்” என்றாள்.

“ஐயோ பாவம்” என்றார் வீரா அத்தை, அதுவும் ஒரு வியாதி மாதிரி. “கடைசியில பேச்சு இருந்துச்சா?”

“கொஞ்ச நாளாவே பேச்சு இல்லைக்கா.”

அப்பா, அம்மா இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருக்கிறது.

பிறகு தாங்கள் எப்படிப்பட்ட மனிதர் என்று பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். தினமும் கேட்டார்கள். மீன் கழுவும்போது, பட்டாணி உரிக்கும்போது, தறியில் கோடு எண்ணும்போது. முதலில் அம்மா “நல்லவர்தான்” என்று முடித்துக்கொண்டாள். அது போதாது என்று மேலும் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை அம்மா சொன்னாள்: ஒவ்வொரு ஞாயிறு மாலையும் தாங்கள் அவளுடைய நாற்பது வண்ணப் பென்சில்களையும் பேனாக்கத்தியால் சீவி, வரிசையாக அடுக்கி வைப்பீர்களாம். ஏழு சிவப்புகளில் எது எது என்று தங்களுக்குத் தெரியாதாம். எல்லா வாரமும் தப்பாக அடுக்குவீர்களாம். தாங்கள் பார்க்காதபோது அம்மா எடுத்துச் சரியாக மாற்றி வைப்பாளாம். பதினைந்து வருஷமாக இதைத் தங்களிடம் சொன்னதில்லையாம். “சொன்னா அடுத்த வாரம் கேட்டுக் கேட்டு அடுக்குவார். அது எனக்கு வேண்டாம்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அம்மாவுக்கு நடிக்க வராது என்பது தங்களுக்கே தெரியும். பிடிக்காத பிறந்தநாள் பரிசைக்கூட அவளால் பிடித்த மாதிரி வாங்க முடியாது.

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னார்: “என் வீட்டுக்காரன் குத்துக்கல்லாட்டம் உசிரோட இருக்கான். எனக்கு ஒரு பென்சில் சீவித் தந்ததில்ல.”

“உனக்குப் பென்சில் எதுக்குடி?”

“சீவித் தந்திருந்தா என்னத்தையாவது வரைஞ்சிருப்பேன்ல.”

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் அழுகையோடு சிரித்தாள். நான் கேட்டுக்கொண்டே பட்டாணியைத் தோலோடு கிண்ணத்தில் போட்டுவிட்டேன். இவ்வளவு நல்ல வார்த்தைகளை அம்மா தங்களைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. தாங்கள் இறந்துபோகாமல் நான் இதைக் கேட்டிருக்க முடியாது என்பதுதான் வருத்தம்.

இப்போது உள்ள சிக்கல் இது. நேற்று வீரா அத்தை தங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வழிபாட்டில் பாதிரியார் வாசிப்பதற்காம். அம்மா பதறிப்போய், “அவர் கோயிலுக்கே போகமாட்டாரேக்கா” என்றாள்.

“இனிமே போறதும் போகாததும் நம்ம கையிலயா இருக்கு? பேரை மட்டும் சொல்லு.”

அம்மா “ஆர்வோ” என்றாள். தாங்களோ சனிக்கிழமை மதியக் கப்பலில் வருவதாக நாங்கள் கிளம்பும் முன் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். சனிக்கிழமை வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை இறந்தவர்கள் பட்டியலில் தங்கள் பெயரைத் தாங்களே உட்கார்ந்து கேட்பது எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு பெண்கள் கூடி அம்மாவுக்குக் கோடு கொடுப்பார்களா? துக்க வேஷம் போட்டவள் என்றல்லவா சொல்வார்கள்? கால்மிதிக்காரரைவிட அம்மா மோசமானவளாகிவிடுவாள்.

எனவே, அப்பா, தயவுசெய்து சனிக்கிழமை வராதீர்கள். “கட்டாயம் வாருங்கள்” என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தாளை வாங்கினேன். நீங்கள் வந்தால் பச்சை டப்பா பற்றிய பேச்சு தீர்ந்துவிடும், நாம் மூன்று பேரும் கலங்கரை விளக்கம் வரை நடந்து போகலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கட்டாயம் வந்தே தீர வேண்டும் என்றால், உங்கள் அண்ணனாக வாருங்கள். மீசையை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் என் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருந்த உங்கள் படத்தை வீரா அத்தை பார்த்திருக்கிறார். என்னைப் பார்த்தால் கட்டிக்கொள்ளாமல் தலையில் மட்டும் தட்டுங்கள். அம்மாவிடம் அனுதாபம் தெரிவியுங்கள். பூகோளம் பற்றிப் பேசவே கூடாது, உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தத் தீவில் வாய்விட்டுச் சொல்ல முடியாததால், தங்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று மனதுக்குள் தினமும் இருமுறை கேட்டுக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த மகள்,
கைசா

பின்குறிப்பு (புதன் காலை, தபால் நிலையத்து முகப்பில், லெய்தா அத்தையின் பேனாவால்): அப்பா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை நீட்டியதும் லெய்தா அத்தை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஹில்யாங்கறது யாரு கண்ணு?”

“மாடி வீட்டம்மா.”

“ஏன், அதே கட்டடத்துல உங்கப்பா இருக்காரே, அவருக்கே போடலாமே. உங்கம்மா வந்த அன்னிக்கே அவருக்கு ஒரு தபாலட்டை போட்டாங்களே.”

“அதை நீங்க படிச்சீங்களா?”

“படிக்காம எப்படிக் கண்ணு முத்திரை குத்தறது?” என்றார். மனப்பாடமாகச் சொன்னார்: “ஆர்வோ, சமையலறைக்கு அந்தப் பச்சையை அடித்தால் நான் திரும்பி வரமாட்டேன். இங்கே மழை. இங்கிரித்.”

அன்று சாயங்காலமே அவர் வீரா அத்தையிடம் சொல்லிவிட்டாராம். அதற்குள் ரொட்டியும் விலாங்கும் கொடுத்தாகிவிட்டதாம், திருப்பிக் கேட்க முடியவில்லையாம். மறுநாள் பெட்டியைத் திறந்தது நீங்கள் இறந்ததற்காக இல்லையாம், வரும் வழியெல்லாம் பாவாடையின் நீலத்தை அம்மா விரலால் தடவிப் பார்த்ததற்காகவாம்.

“அப்புறம் ஏன் அத்தை எங்கிட்டயாவது சொல்லல?”

“வீராதான் வேண்டாம்னா. ‘உசிரோட இருக்கறவனுக்கு இப்படி அட்டை எழுதறவ, நாலு நாள் அவன் இல்லைன்னு நினைச்சுப் பாக்கட்டும். யாரும் பாவாடையை மாத்தச் சொல்லாதீங்க’ன்னுட்டா. நீயும் சனிக்கிழமை வரைக்கும் உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. அன்னிக்கு வரேன்னு உங்கப்பா வீராவுக்குப் போட்ட அட்டையையும் படிச்சாச்சு, மதியக் கப்பலுக்கு ஊரே துறைக்கு வருது.”

நான் பாதிரியாரைப் பற்றிக் கேட்டேன். கோயிலில் இரண்டு பட்டியல் வாசிப்பார்களாம், ஒன்று போனவர்களுக்கு, ஒன்று உயிரோடு நலமாக இருக்க வேண்டியவர்களுக்கு. உங்கள் பெயர் இரண்டாவதில் இருக்கிறது. கப்பல் இருக்கைக்குச் சிவப்புக் கோடு கொடுப்பதாக முன்னமே பேசிவிட்டார்களாம், துக்கத்தின் மேல் யாரும் உட்கார வேண்டாமாம்.

உறையில் ஹில்யா அம்மாளை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதிவிட்டேன். சனிக்கிழமை வந்துவிடுங்கள். மீசையை இதற்குள் எடுத்திருந்தால் மன்னிக்கவும். மோதிரம் வந்திருந்தால் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பச்சையைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். அம்மாவின் பென்சில்களைச் சீவி எடுத்து வாருங்கள், நாற்பதும். சிவப்புகளைப் பற்றி யாரிடமும் கேட்காதீர்கள். எப்போதும் போலத் தப்பாகவே அடுக்கிக்கொண்டு வாருங்கள்.