டீக்கு நாலு இலை

டெய்லர் மாஸ்டரின் கடை வாசலில், பழைய பெயின்ட் டப்பாவில் இருந்த புதினாச் செடியின் இலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாஸ்டர் எண்ணியும் விட்டார். இன்றைக்குத் தாங்கும். நாளைக்கு, மாடி வீட்டு நர்ஸம்மா கிண்ணத்தோடு வந்து நின்றால் வெறும் குச்சியைத்தான் கிள்ளிக் கொடுக்க வேண்டும்.

நர்ஸம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இந்தக் கட்டடத்தின் மேல் மாடிக்குத் தனியாகக் குடிவந்தவர். தலையணை உறை தைக்கக் கொடுக்க வந்த அன்று வாசலில் செடியைப் பார்த்தார். "டீக்கு நாலு இலை கிள்ளிக்கட்டுமா மாஸ்டர்?" என்று கேட்டார். அன்று பிடித்தது, தினமும் சாயங்காலம் ஆனால் வந்துவிடுவார். நாலு இலை கிள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசி என்றதும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட போலீஸ்காரர் கதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். மனைவி போன பிறகு அந்தக் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டதே இப்போதுதான்.

தெருவே நர்ஸம்மாவை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டது. மாஸ்டருக்கு மட்டும் அந்த வார்த்தை என்ன செய்தாலும் வாயில் வரவில்லை. "வாங்க..." என்பார். மிச்சத்தை விழுங்கிவிடுவார்.

கடையில் பட்டன் தைத்து காஜா போடும் பெரியவருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. காஜா எடுத்து எடுத்து, ஓட்டை எங்கே என்று பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுகிற கண் அது.

"இலை தீர்ந்தா என்ன மாஸ்டர்? சும்மா வந்து உட்காருங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சும்மா எதுக்கு வருவாங்க? நாம யாரு அவங்களுக்கு?" என்றார் மாஸ்டர். இலை இருந்தால் அந்த அம்மா வருவார். இலை இல்லையென்றால் வரமாட்டார். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

காஜாக்காரருக்கு மனசு இளகிவிட்டது. செடிக்கு டீத்தூள் போட்டால் தழைக்கும் என்றார். வெறும் தூளைத்தான் சொன்னார். மாஸ்டர் ஆசையில் பாலும் சர்க்கரையுமாக ஒரு டம்ளர் டீயையே ஊற்றிவிட்டார். விடிவதற்குள் தெருவிலுள்ள எறும்பெல்லாம் குடும்பத்தோடு வந்து டப்பாவில் குடியேறிவிட்டது.

எறும்புக்கு சாக்பீஸ் கோடு போடுவார்களே என்று, துணியில் குறி போடும் தன் சாக்கால் டப்பாவைச் சுற்றிக் கோடு போட்டார். தையல்காரர் போட்ட கோடாயிற்றே, வளைவு அற்புதமாக இருந்தது. எறும்புகள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. கோபத்தில் சோப்புத் தண்ணீரைக் கலக்கி ஊற்றினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, எறும்பு போயிற்று, கூடவே மிச்சமிருந்த இலையும் உதிர்ந்தது.

அப்போதுதான் காய்கறி வண்டிக்காரம்மாவின் குரல் கேட்டது. வண்டியில் பச்சைப் பசேலென்று புதினாக் கட்டுகள். ஒவ்வொன்றையும் மெல்லிய வெள்ளைத் துணிப்பட்டியால் கச்சிதமாக முடிந்திருந்தார்கள். அந்த முடிச்சே மாஸ்டரின் தொழில் கண்ணுக்குப் பிடித்துவிட்டது. ஒரு கட்டு வாங்கினார். பட்டியைக் கழற்றிவிட்டுத் தண்டுகளை ஒவ்வொன்றாக டப்பா மண்ணில் குத்தினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பொய்யென்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

சாயங்காலம் நர்ஸம்மா வந்தார். "பரவாயில்லையே, ஒரே நாள்ல இப்படித் தழைச்சிருக்கு! உங்க கைராசி மாஸ்டர்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக மாஸ்டர் தினமும் காலையில் புதுக் கட்டு வாங்கி நட ஆரம்பித்தார். வாடியதைப் பிடுங்குவதும் புதிதைக் குத்துவதுமாகப் பிழைப்பு ஓடியது. ஸ்கூல் யூனிபார்ம் எல்லாம் வெட்டினபடியே கிடந்தன. வாத்தியார் ஒருவருடைய பேன்ட்டில் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டார். காஜாக்காரர் அதைத் தூக்கிக் காட்டி, இதை மாட்டிக்கொண்டு அந்த மனுஷன் தத்தித் தத்தித்தான் ஸ்கூலுக்குப் போக வேண்டும் என்றார்.

ஒருநாள் வேலை அவசரத்தில், கட்டைப் பிரிக்காமல் அப்படியே மண்ணில் சொருகிவிட்டார்.

அன்றைக்கென்று நர்ஸம்மா கொஞ்சம் பலமாக இழுத்தார். கட்டு மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. வெள்ளைப் பட்டி காற்றில் ஆடியது.

மாஸ்டர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழித்தார். நர்ஸம்மா அந்தப் பட்டியைப் பார்த்தார். முடிச்சை விரலால் ஒருமுறை தடவினார். அவர் முகம் குங்குமமாகச் சிவந்துவிட்டது. கட்டை டப்பாவிலேயே திரும்பச் சொருகிவிட்டு, "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று முணுமுணுத்தபடி விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார். கிண்ணத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. மாஸ்டர் ஸ்டூலைத் துடைத்து வைத்தார். யார் வந்து உட்காரப் போனாலும், கால் ஆடுகிறது என்று சொல்லி எழுப்பிவிட்டார். இருட்டும்வரை மெஷின் ஓடவே இல்லை.

"கோபமா இருக்காங்க. ஏமாத்திட்டான்னு நினைச்சிருப்பாங்க" என்றார் காஜாக்காரரிடம். சொன்னவரின் கண் கலங்கியிருந்தது. காஜாக்காரர் அதைப் பார்க்காததுபோல ஊசியில் நூல் கோத்தார்.

அடுத்த நாள் காலையில் மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் பொய் வேண்டாம். நிஜமான செடியாக, வேரோடு ஒன்று வாங்கி, நேரே மாடிக்குப் போய் அந்த அம்மாவிடமே கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கிண்ணத்தையும் கழுவித் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு காய்கறி வண்டியை மறித்தார்.

வேரோடு ஒரு புதினா கிடைக்குமா என்று கேட்டதும், வண்டிக்காரம்மா மேலே போட்டிருந்த சாக்கை விலக்கிக் காட்டினாள். உள்ளே மண்ணும் வேருமாகப் புதினா மலை மாதிரி குவிந்து கிடந்தது.

"ஒண்ணு என்ன, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க. உங்க மேல் வீட்டு நர்ஸம்மா மொட்டைமாடியில காடா வளர்த்து வச்சிருந்தது. இத்தனை நாளா நீங்க வாங்கினதெல்லாம், அந்தம்மா பேண்டேஜ் துணியில கட்டிக் குடுத்ததுதான். இன்னைக்கு என்னமோ மொத்தத்தையும் பிடுங்கிக் குடுத்துட்டு, 'இனிமேலாவது பொய் சொல்லாம கீழ போய் நாலு இலை கேட்கலாம்'னு சிரிக்கிறாங்க, உங்களுக்கு ஏதாவது புரியுதா மாஸ்டர்?"