மாப்பிள்ளை மதகு

எங்கள் ஊரில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் கல்யாண மாப்பிள்ளையை வாய்க்கால் மதகில் இறக்குவது தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அது தொன்றுதொட்டு வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது காபிக்கும் குளியலுக்கும் நடுவில் நான் உண்டாக்கியது. நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதிய மாணவனுக்கு அரை மதிப்பெண் கூடப் போட்டதில்லை. (அந்த மாணவர்கள் யார் கண்ணிலும் இது படாமல் இருக்கட்டும்.)

ஓய்வுக்குப் பிறகு திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கு வந்துவிட்டோம். நிலம் குத்தகையில் இருந்தது. எனக்கு வேலை என்று எதுவும் கிடையாது. மகள் மலர்விழி சென்னையிலிருந்து ஒரு டேப்லெட் வாங்கி வந்து கையில் கொடுத்தாள். செய்தி படிக்கத்தான் கொடுத்தாள். நான் வழி தவறி வலைப்பூக்களுக்குள் போய்விட்டேன்.

அப்படி ஓர் உலகம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. யாரும் கேட்காமலேயே, யாரும் காசு கொடுக்காமலேயே, தனக்குப் பிடித்த ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிற மனிதர்கள். முதுகுவலிக்காரர் ஒருவர் தன் நாட்டுப் பூங்காக்களில் உள்ள பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்த்துத் தரம் பிரிக்கிறார். கோயம்புத்தூரில் ஒரு பெண்மணி தன் வீட்டு பால்கனி பல்புக்கு வரும் விட்டில் பூச்சிகளை மட்டும் எழுதுகிறார். ஒருவர் லிஃப்ட்டுகள் எழுப்பும் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். இன்னொருவர் தீர்ந்துபோன பேனா ரீஃபில் சேர்க்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'நான் படிக்கும் நண்பர்கள்' என்று சில பெயர்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் குடை பழுதுபார்ப்பவரிடம் போவேன். அவரிடமிருந்து பாசி வளர்ப்பவரிடம். அங்கிருந்து திரும்பி வருவதற்குள் என் மனைவி சரோஜா சோற்றை வடித்து, ஆறவைத்து, கோபமும் பட்டிருப்பாள்.

"எதிர்வீட்டுக்காரருக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா முழிக்கிறீங்க. எங்கேயோ இருக்கிறவன் பெஞ்சு ஆடுதுன்னா அதுக்கு மட்டும் கவலைப்படுறீங்க" என்பாள். நியாயமான விமர்சனம்தான்.

இப்படிப் போன ஒரு நாளில்தான் மதகுகளைப் பற்றிய வலைப்பூ ஒன்று கிடைத்தது. எழுதுகிறவர் நாகப்பட்டினத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் பைக்கை எடுத்துக்கொண்டு டெல்டா முழுக்கச் சுற்றி, வாய்க்கால் மதகுகளைப் படம் எடுத்து, எந்த மதகு எந்த வயலுக்குத் தண்ணீர் விடுகிறது என்றெல்லாம் எழுதுவார். அருமையான மனிதர் என்று மனதுக்குள் பாராட்டியபடி படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர் மதகின் படம் வந்தது. அதன் கீழே இப்படி எழுதியிருந்தார்:

'இதன் வரலாறு தெரியவில்லை. கரையில் நின்ற ஒரு பெரியவரிடம் விசாரித்தேன். படித்தவர் போலத்தான் தெரிந்தார். ஆனால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "இது சும்மா மதகுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.'

அந்தப் பெரியவர் நான்தான்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லையாம். 'ஊர்க்காரன்' என்று பெயர் போட்டு, பின்னூட்டம் எழுத உட்கார்ந்தேன். இதற்கு மாப்பிள்ளை மதகு என்று பெயர். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண்ணின் தகப்பனார் வேட்டியோடு இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று, 'வாங்க மாப்பிள்ளை' என்று மூன்று முறை அழைப்பார். மாப்பிள்ளை இறங்கி வந்து மாமனார் கையைப் பிடிக்க வேண்டும். மாமனாரை ஏன் முதலில் இறக்கினேன் என்று கேட்டால், சும்மாதான். எந்த மாமனாரோ நனையட்டும் என்று ஒரு சின்ன ஆசை. ஒரு பழமொழியும் சேர்க்கலாம் என்று தோன்றியது. அடக்கம் கருதி விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அது 'மறைந்து வரும் ஒரு மரபு' என்ற தலைப்பில் தனிக் கட்டுரையாக வந்தது. கீழே, கனடாவிலிருந்து ஒருவர், தன் தாத்தா அந்த மதகில் இறங்கியதைச் சின்ன வயதில் நேரிலேயே பார்த்ததாகக் கண்ணீர் மல்க எழுதியிருந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு மறந்தும் போனேன்.

சில மாதங்களில் மலர்விழிக்கு வரன் அமைந்தது. வலங்கைமானில் நெல் வியாபாரம் செய்யும் கோவிந்தராசுவின் இளைய மகன் பிரபு, சிங்கப்பூரில் வேலை. இதற்கு முன் இரண்டு வரன்கள் பேசி முடித்தபின் கடைசி நேரத்தில் தட்டிப்போயிருந்தன. அதனால் மகள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

"அப்பா, பிரபுவ எனக்குப் பிடிச்சிருக்கு. அவங்க அப்பா முறை, மரியாதையெல்லாம் ரொம்பப் பார்ப்பாராம். மூத்த மகன் கல்யாணத்துல பொண்ணு வீட்டுல ஆரத்தி எடுக்க மறந்துட்டாங்கன்னு அந்த வீட்டோட இன்னும் பேச்சு இல்லையாம். நீங்க ஏதும் விளையாட்டா பேசி வெச்சிடாதீங்க."

"நான் ஏம்மா பேசப்போறேன்" என்றேன். பேச வேண்டியதை எல்லாம் முன்னமே எழுதி வைத்திருந்தேன் அல்லவா.

மண்டபம் பேச வந்த அன்று கோவிந்தராசு காபியைக் குடித்துவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார்.

"என்ன சம்பந்தி, இப்படி ஒரு முறை உங்க ஊர்ல இருக்குன்னு சொல்லவே இல்லையே. எங்க குடும்ப குரூப்ல யாரோ அனுப்பியிருக்காங்க."

பார்த்தேன். என் வாக்கியங்கள், ஒரு கால்புள்ளி கூட மாறாமல்.

"அது... அதெல்லாம் பொய்ங்க சம்பந்தி. யாரோ எழுதிவிட்டது."

அவர் முகம் சுருங்கியது. "செய்ய இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க. பொய்யின்னு ஏன் சொல்லணும்? கனடாக்காரர் நேர்லயே பாத்திருக்காரே."

சமையலறை வாசலில் மலர்விழி என்னைப் பார்த்தாள். நான் உடனே, "செஞ்சிடுவோம்ங்க" என்றேன்.

அன்று இரவே கண்ணாடிக் கடைக்காரருக்கு, என் சொந்தப் பெயரில், பட்டங்களையும் சேர்த்துப் போட்டு எழுதினேன். ஐயா, அந்த மரபு கற்பனை, தயவுசெய்து நீக்கிவிடுங்கள். உடனே பதில் வந்தது. மிகப் பணிவான பதில். 'ஐயா, தங்கள் படிப்பை மதிக்கிறேன். ஆனால் இதை எனக்குச் சொன்னவர் அந்த ஊர்க்காரர். உள்ளூர் அறிவைப் படித்தவர்கள் ஏளனம் செய்வது புதிதல்ல. தங்களிடம் ஆதாரம் உண்டா?' என்ன ஆதாரத்தை நான் காட்டுவது? போதாக்குறைக்கு அடுத்த நாள் கட்டுரையின் கீழே, 'சிலர் இந்த மரபை மறைக்க முயல்கிறார்கள்' என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டார். சம்பந்தி அதையும் படித்தார். படித்ததாக எனக்குப் போன் செய்தும் சொன்னார்.

ஆவணி மாதம் கல்யாணம். மேட்டூர் அணை திறந்து, வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து கரையில் இறங்கினார்கள். மேளம் வந்தது. ஊர் மொத்தமும் வந்தது. "இப்படி ஒரு வழக்கம் இருந்ததே எனக்கு மறந்துபோச்சு பாருங்க" என்று எதிர்வீட்டு ராமலிங்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைக்காரரைச் சம்பந்தியே போன் செய்து வரவழைத்திருந்தார். அவர் கேமராவோடு மதகின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் பட்டு வேட்டியோடு இறங்கினேன். முட்டி வரை கௌரவமாகத்தான் போனேன். அடுத்த அடியில் சேறு வழுக்கியது. நெஞ்சளவு என்று எழுதியவன் நான். அங்கே என் கழுத்தளவு இருந்தது. மதகுக் கண்ணுக்குள் தண்ணீர் இழுக்கிற இழுப்பு தெரியாதவன் அப்படி ஒரு மரபை எழுதக்கூடாது. என் இடுப்பிலிருந்து வேட்டி தானாகவே விடைபெற்று, மதகுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் எங்கள் குத்தகைக்காரர் வயலை நோக்கிப் போயிற்று. நான் மதகுச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அழைக்க வாய் வரவில்லை. ஆனாலும் பிரபு பேண்ட் சட்டையோடு குதித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலிருந்து கேமரா கீழே இறங்கியது. கண்ணாடிக் கடைக்காரர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே அன்னைக்கு 'சும்மா மதகு'ன்னு சொன்னவரு? இதை மறுத்து எழுதின பேராசிரியரும் நீங்கதானா?"

மேளம் நின்றது. சம்பந்தி குனிந்து, "என்ன சொல்றாரு இவரு?" என்றார். கரையில் மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கழுத்தளவு தண்ணீரில், வேட்டி இல்லாமல் நிற்கும் மனிதனுக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஊர்க்காரனும் நான்தாங்க" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு எழுதிட்டாரேன்னு ஒரு கோவம். எல்லாம் நான் கட்டிவிட்டது. பொண்ணுக்கு இதுல எதுவும் தெரியாது. மன்னிச்சிடுங்க."

கோவிந்தராசு என்னைப் பார்த்தார், தன் மகனைப் பார்த்தார், வயலில் போய்க்கொண்டிருந்த என் வேட்டியைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"பொய்யோ நெசமோ, என் பிள்ளை நனைஞ்சிட்டான். பாதியில விட்டா நல்லா இருக்காது. மூணு தடவை கூப்பிடணும்னு எழுதியிருக்கீங்கல்ல, கூப்பிடுங்க சம்பந்தி."

"மாப்பிள்ளைதான் ஏற்கெனவே வந்துட்டாரே."

"திரும்ப மேல ஏறி நிப்பான். நீங்க அங்கேயே இருங்க."

பிரபு மேலே ஏறி நின்றார். நான் கழுத்தை நீட்டி மூன்று முறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும், "கேக்கலை" என்றார் சம்பந்தி. மூன்றாவது முறை சரோஜா முதற்கொண்டு கரையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில்தான் அவரும் சிரித்தார். அதற்குப் பிறகே எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. மறுநாள் ஆரத்திக்கு நானே முன்னால் போய் நின்றேன். கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது.

இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால் மாப்பிள்ளை, "மாமா, மொதல்ல நீங்க இறங்குங்க, நாங்க பின்னாடி வர்றோம்" என்பார். அதோடு என் வரலாற்றுப் புலமை அன்றைக்கு முடிந்துவிடும். கண்ணாடிக் கடைக்காரர் தன் கட்டுரையில் திருத்தம் போட்டார். திருத்தத்தை யாரும் படிக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் மதகில் இறங்காத மாப்பிள்ளை இன்றைக்கு எங்கள் ஊரில் இல்லை.

போன சித்திரையில் ராமலிங்கம் வந்தார். மகளுக்கு வைகாசியில் கல்யாணம்.

"சார், வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல. மதகு முறைக்கு என்ன பண்றது?"

"ராமலிங்கம், அது நான் விட்ட கதைப்பா. அன்னைக்கு நீங்களும் கரையிலதானே நின்னீங்க."

"அதெல்லாம் நீங்க அடக்கத்துல சொன்னது. வழி சொல்லுங்க சார், மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க."

நான் திருந்தியவன்தான். ஆனால் அவர் அவ்வளவு நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோடையில கல்யாணம்னா போர்செட்டுத் தொட்டியில இறங்கலாம்" என்றேன். "மாமனார்தான் முதல்ல."

அவர் நிம்மதியாகப் போனார். உள்ளேயிருந்து சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"தொட்டியில எவ்வளவு தண்ணின்னு சொல்லாம அனுப்பிட்டீங்களே. அந்த மனுஷன் உங்களைவிடக் குட்டை."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.