மாமனாரின் மீசைக்கு எந்தக் கறுப்பு?

இனி இந்த வீட்டில் வண்ணத்துக்கு இடமில்லை என்று அறிவித்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில்தான் அறிவித்தேன். அதற்கு முன்பே வேலையை முடித்திருந்தேன். பிரிண்டரிலிருந்து சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஆறு குப்பியிலும் கறுப்பு மையாகவே மாட்டியாகிவிட்டது. ஆறும் ஒரே கறுப்பு இல்லை. முதல் குப்பி அடுப்புக்கரி. கடைசிக் குப்பி சாம்பல் கரைத்த தண்ணீர். மற்றவை நடுவில் படிப்படியாக இறங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கறுப்பு மையால் அச்சடிக்க வேண்டும். நாலு வண்ணத்தைக் கலந்து கறுப்பு மாதிரி நடிக்க வைக்கக் கூடாது. இது என் கொள்கை.

என் மனைவி இன்ஸாஃப் வாயிலிருந்த ரொட்டியை நிதானமாக மென்று முடித்தாள்.

"பொண்ணோட ஸ்கூல் மேப் எப்படிப் பிரிண்ட் எடுக்கிறது?"

"கறுப்பு வெள்ளையில வரும்."

"கடலும் பாலைவனமும் ஒரே கலர்லயா?"

"பேர் போட்டிருக்கும்ல, படிச்சுக்கட்டும்."

"நீ பூகோள வாத்தியார், ஷாக்கிர். வெளியில சொல்லிடாதே."

விளையாட்டுக்காக எடுத்த முடிவல்ல அது. அவளுடைய அப்பா, ஹாஜ் பயூமி, அப்போதுதான் இறந்திருந்தார். அலெக்ஸாந்திரியா டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எங்களுக்கு இரண்டு மாடி மேலேதான் குடியிருந்தார். தினமும் சாயங்காலம் இறங்கி வருவார், தாயக்கட்டைகளை உருட்டி என்னைத் தோற்கடிப்பார், டீயைக் குடித்துவிட்டுப் போவார். ஓய்வு பெறும் நாளில் டிராம் நிறுத்தத்தில், கறுப்புக் கோட்டோடு அவரை நான் ஒரு படம் எடுத்திருந்தேன். அதைத்தான் மாமியார் கேட்டார்.

முதலில் தெருமுனை ஸ்டூடியோவில் கொடுத்தோம். வந்த படத்தில், குழல் விளக்கைப் போட்டதும் மாமனாரின் மீசை பச்சையாகிவிட்டது. கோட்டு ஒரே தாராக இருந்தது. மாமியார் அந்தத் தாரின் மேல் விரலை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தார்.

"பட்டன் எங்கப்பா?"

"எந்தப் பட்டன், ஹாஜ்ஜா?"

"அன்னிக்குக் காலையில நான் தைச்சுக் குடுத்த பட்டன். கறுப்பு நூல் தீர்ந்து போச்சு, பழுப்பு நூல்ல தைச்சேன். ஊர் சிரிக்கப் போகுதுன்னு திட்டிக்கிட்டே மாட்டிக்கிட்டுப் போனார்."

அந்த இடத்தில் நான் வாயைக் கொடுத்தேன். நாற்பதாம் நாள் ஓதலுக்கு உறவெல்லாம் கூடும்போது, கறுப்பு ரிப்பன் கட்டிய சட்டத்தில் அவர் நிற்பார், நூல்கூடத் தெரியும், இது என் பொறுப்பு என்றேன். மாமியார் என் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார். கணவனின் முகத்தை என்னை நம்பி விட்டுவிட்டார் அந்த அம்மாள்.

வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கினேன். தடித்த பருத்திக் காகிதம் வாங்கினேன். எங்கள் ஊர்க் கடல்காற்றில் ஈரம் ஏறிக் காகிதம் அப்பளமாக வளைந்துவிடும். அதனால் பெட்டியிலிருந்து எல்லாத் தாளையும் எடுத்துக் கட்டிலில் பரப்பி உலர்த்தினேன். இன்ஸாஃப் அன்று சோபாவில் படுத்தாள். பிறகு தாள்களை வாரி அடுக்கி, முதல் அச்சு எடுத்தேன்.

சேறாக வந்தது. பட்டனும் இல்லை, கோட்டும் இல்லை. மையைச் சந்தேகப்பட்டேன். கதகதப்பான கறுப்பா, குளிர்ந்த கறுப்பா? உலகத்தில் இதைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரையும் படித்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை. முழுத் தாளையும் வீணாக்காமல் துண்டு துண்டாக அச்சடித்துப் பார்த்தேன். ஈர மை ஒரு நிறம், காய்ந்த மை வேறு நிறம் என்பதால் ஒவ்வொரு துண்டையும் மறுநாள்வரை காயவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். வெவ்வேறு வெளிச்சத்தில் வேறு பார்க்க வேண்டும். ஆகவே வீடு முழுவதும் ஒட்டிவைத்தேன்.

"ஷாக்கிர், அப்பா மீசை ஃபிரிட்ஜ்ல இருக்கு."

"அதைத் தொடாதே. காயுது."

"காது குளியலறையில இருக்கு."

"அங்கதான் குழல் விளக்கு இருக்கு."

"மூக்கு பால்கனியில துணியோட தொங்குது. எங்கப்பா எப்போ மொத்தமா வீட்டுக்கு வருவார்?"

"மீசைக்கு எந்தக் கறுப்புன்னு இன்னும் முடிவாகலை."

"அவரு உயிரோட இருந்தப்பவே அதுக்குச் சாயம் போட்டுக்கிட்டிருந்தார், உஸ்தாத். அந்த டப்பா இன்னும் அம்மாகிட்ட இருக்கு. வாங்கிட்டு வரவா?"

பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் உஸ்தாத் என்று மரியாதை கொடுத்தால் பேச்சை வளர்க்கக் கூடாது. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பள்ளி விட்டதும் நேராக அந்த அறைக்குத்தான் போவேன். திரையில் அவர் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கண்ணுக்குக் கீழே உள்ள நிழலைக் கொஞ்சம் இளக்குவேன், திரும்ப ஏற்றுவேன். சாயங்காலம் முழுக்க இது போதும் எனக்கு. மேலே துக்கம் விசாரிக்க ஆள் வந்தபடி இருந்தது. படி ஏறும் சத்தம் கேட்கும். "எல்லாரும் வந்திருக்காங்க, நீ வர வேணாம், வேலையப் பாரு" என்பாள் இன்ஸாஃப். எவ்வளவு புரிந்துகொள்கிறாள் என்று உருகிப்போவேன்.

நாற்பதாம் நாள் வந்துவிட்டது. கையில் ஒரு மூட்டை மீசைதான் இருந்தது. படி ஏறும்போதே மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டேன். மை சரியில்லை, காற்றில் ஈரம், இன்னும் ஒரு வாரம் கொடுங்கள், ஹாஜ்ஜா. அந்த அம்மாளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

கூடத்தில் நுழைந்தேன். எதிர்ச் சுவரில் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

கறுப்பு ரிப்பன், கறுப்புக் கோட்டு. கோட்டு வேறு, அதன் நிழல் வேறாகத் தெரிந்தது. கம்பளியின் சொரசொரப்பு தெரிந்தது. மேலிருந்து மூன்றாவது பட்டனில் நூல் மட்டும் ஒரு மயிரிழை வெளுப்பாக நின்றது. தலைக்கு மேல் குழல் விளக்கு எரிந்தது, மீசை மீசையாகவே இருந்தது. என்னிடம் டிக்கெட் கேட்கப் போகிறவர் மாதிரி பார்த்தார்.

"உன் கை நல்லா இருக்கணும், ஷாக்கிர்," என்றார் ஒரு பெரியவர். வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடக்கம் செய்த அன்றைக்குக்கூட வராத அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுத்தான் அடுக்களைக்குப் போய் இன்ஸாஃபைப் பிடித்தேன்.

"யார் அச்சடிச்சது?"

"நான்தான். நீ ஸ்கூல் போயிருந்தே."

"எந்த மை? எந்தக் கறுப்பு?"

"நீ முதல் நாள் வச்சதேதான். ஒண்ணையும் தொடலை. தாளை மட்டும் திருப்பிப் போட்டேன்."

"திருப்பியா?"

"சோறு வச்சுத் திராட்சை இலை சுருட்டிக்கிட்டிருந்தேன். ஈரக் கையோட உன் தாளை நகர்த்தினா, ஒரு பக்கம் விரல்ல ஒட்டுது, ஒரு பக்கம் ஒட்டலை. இலைக்கே முகம் முதுகுன்னு இருக்கு, சொரசொரப்பு உள்ளே போகணும், பளபளப்பு வெளியே இருக்கணும். காகிதத்துக்கு இருக்காதா? நீ கட்டில்ல உலர்த்திட்டுக் கவிழ்த்து அடுக்கிட்டே, மை பிடிக்கிற பக்கம் அடியில போயிடுச்சு. அவ்வளவுதான்."

"திராட்சை இலை செஞ்சது முதல் வாரமாச்சே."

"ஆமா."

"அப்புறம் எதுக்கு அப்பா எப்போ வருவார்னு தினம் கேட்டே?"

"கேக்கலைன்னா உனக்குச் சந்தேகம் வந்திருக்குமே."

"அப்போ இந்தப் படம் இவ்வளவு நாளா?"

"அம்மா கட்டில் பக்கத்துலதான் இருந்துச்சு. உன் செருப்புச் சத்தம் கேட்டா சுவர் பக்கம் திருப்பி வச்சிடுவாங்க."

"ஹாஜ்ஜாவுக்குமா தெரியும்? எதுக்காக?"

இன்ஸாஃப் தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள். "நீ அழவே இல்லையாம். ஆட்டத்துக்கு ஆள் இல்லாம அந்தப் பையன் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான், அவனா முடிக்கிற வரைக்கும் விட்டுடுன்னு சொன்னாங்க."

கூடத்தை எட்டிப் பார்த்தேன். மாமியார் படத்தருகே நாற்காலியில் இருந்தார். யாரோடோ பேசிக்கொண்டே, கண்ணாடிக்கு மேல் அந்தப் பட்டன் இருக்கும் இடத்தில் விரலை வைத்திருந்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு குடும்பத்தில் பெண் எடுத்தோமே என்று தோன்றியது.

"நீயும் அதை நினைச்சுத்தான் விட்டியா, இன்ஸாஃப்?"

"இல்ல. துக்கம் விசாரிக்க வந்தவங்க, வெளிச்சத்தைப் பத்தி உன் பாடத்தைக் கேக்காம நிம்மதியா அழுதுட்டுப் போகட்டும்னு விட்டேன்."