உரியவரிடம் கேட்டிருக்கிறோம்

தென்காசி வட்டாரத்தில் உயிரோடு இருப்பவனை மதிக்காத ஆள்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. செத்தவர்களை மட்டுமே மதித்த ஒரே ஆத்மா, எனக்குத் தெரிந்து, உத்தரவு அண்ணாச்சிதான். நாம் வணக்கம் வைத்தால் தலையை நிமிர்த்த மாட்டார். போய்ச் சேர்ந்தவர்கள் என்றால் எழுந்து நின்று நாற்காலி போடுவார்.

குற்றாலத்தில் அருவி இரைச்சல் கேட்கிற தூரத்தில், பழைய பங்களா ஒன்றில் ஒரு சமய வரலாற்று நூலகம் இருக்கிறது. அங்கே நகல் பிரிவு என்றால் அண்ணாச்சி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு டேப் ரெக்கார்டர். ஓலைச்சுவடியோ, மடத்துப் புத்தகமோ, பழைய சொற்பொழிவு கேசட்டோ, மெயிலில் கேட்டால் டிஜிட்டல் நகல் அனுப்புவார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கேசட். அதில் பேசியவர் என் அப்பா. ஆய்க்குடி, சுரண்டை என்று மைக் கண்ட இடமெல்லாம் மணிக்கணக்காகப் புராணம் பொழிந்தவர். வீட்டுக்கு வந்தால் வாய்க்குப் பூட்டு. அம்மா எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பாப்போம்." அருவிக்குக் கூட்டிட்டுப் போங்களேன் என்றால் பாப்போம். மகனுக்குப் பெண் பார்க்கணுமே என்றாலும் பாப்போம். அப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டில் அவர் குரல் ஒரு துளிகூட இல்லை. இதற்கிடையில் அம்மாவுக்குக் காது மங்கத் தொடங்கியது. மெஷின் வைத்தாலும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"ஏலே, காது முழுசா அடைக்கதுக்குள்ள ஒங்கப்பா பேசுதத ஒருக்கா கேட்டுரணும்லே" என்றாள் அம்மா.

மெயில் போட்டேன். பதில் வந்தது: "விண்ணப்பம் கிடைத்தது. உரியவரிடம் கேட்டிருக்கிறோம்." யாரோ மேலதிகாரி போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரம்: "உரியவர் இன்னும் பதில் தரவில்லை." அதற்கும் பிறகு: "உரியவர் வந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்." என்ன ஆபீஸ்டா இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, குத்துக்கல்வலசையிலிருந்து பைக்கை எடுத்தேன்.

நல்ல சாரல். மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள் புகுந்து மேஜைக்கடியில் படுத்திருந்தது. அண்ணாச்சி கழுத்தில் மப்ளரோடு ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு காலி நாற்காலி. அதன் கையைப் பிடித்து உட்காரப் போனேன்.

"தம்பி, அதுல ஆள் இருக்கு."

சட்டென்று நிமிர்ந்தேன். யாரும் இல்லை. ஆனால் நான் பிடித்த நாற்காலிக் கை இளஞ்சூடாக இருந்தது. அந்தக் குளிரில் அது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"யாரு அண்ணாச்சி?"

"ஒங்கப்பாதான். காலையிலேயே வந்துட்டாவ."

சுவரில் விதி எழுதிய பலகை தொங்கியது: "உரியவரின் அனுமதி பெற்ற பின்பே நகல் வழங்கப்படும்." நிர்வாகம் எழுதியது வாரிசுகளை மனதில் வைத்து. அண்ணாச்சி படித்தது வேறு மாதிரி.

"உரியவருன்னா வாரிசு, அண்ணாச்சி. நான்தான் மகன். நானே அனுமதி தாரேன்."

"நீங்க எப்படித் தருவீய? பேசுனது நீங்களா?"

"அவரு செத்துட்டாருல்லா!"

"செத்துட்டா கேக்காண்டாமா? நல்லா இருக்கே கத!"

அவர் முறை இதுதான். பொருளைக் கையில் ஏந்தி, உரியவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, உரக்கக் கேட்பார். பல்லி சத்தம் கொடுத்தால் உத்தரவு. இல்லையென்றால் மறுநாள். சாரல் காலத்தில் ஒரு நகலும் நகராது. "பல்லிக்கும் குளிரும்லா?" என்பார். முன்பு இருந்த வாட்ச்மேன், "அண்ணாச்சி சிரிக்காரு, கூடவே இன்னொருத்தரும் சிரிக்காவ" என்று சொல்லிவிட்டு சுரண்டை பஸ் ஏறியவர்தான், திரும்பவே இல்லை.

கேசட் என்றால் இன்னும் விசேஷம். கம்ப்யூட்டரோடு இணைக்க நிர்வாகம் ஒயர் வாங்கிக் கொடுத்தது. அண்ணாச்சி அதைக் கொடியாகக் கட்டி ஈரத்துண்டு காயப்போட்டார். டேப் ரெக்கார்டர் முன்னால் கம்ப்யூட்டர் மைக்கை வைத்து, பதிவு ஓட ஓடவே உத்தரவு கேட்டு, பிறகுதான் டேப்பின் பொத்தானை அமுக்குவார். அவர் மன்றாட்டு, அருவி, பல்லி எல்லாம் நகலில் சேர்ந்துவிடும். "ஐயா, வெளிநாட்டுத் தொர ஒருத்தரு கேக்காரு, நல்ல மனுசனாத்தான் தெரியுது" என்று தொடங்கும் நகலை வாங்கிய ஆராய்ச்சியாளர், அதுவும் சொற்பொழிவுதான் என்று நினைத்து மொழிபெயர்த்துவிட்டாராம்.

நான் அம்மாவின் காதைப் பற்றிச் சொன்னேன். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"மெயில்ல ஆராய்ச்சிக்குன்னுல்லா போட்டிருந்தீய? அதான் அவிய வாயத் தொறக்கல. அம்மாவுக்குன்னு சொல்லாண்டாமா, மனுசா?"

கேசட்டை எடுத்தார். மைக்கைச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குக் கெளம்புங்க. இது புருசன் பொண்டாட்டி சமாச்சாரம். நீங்க இங்கன நிக்கக் கூடாது" என்றார். அசரீரி கேட்டவன் மாதிரி வெளியே வந்து நனைந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் ஃபைல் வந்தது. போனை முழுச் சத்தத்தில் வைத்து அம்மாவின் காதோடு பிடித்தேன்.

முதலில் அருவி. பிறகு அண்ணாச்சி: "ஐயா, லைப்ரரிக்காரன் பேசுதேன். வீட்டுல அம்மாவுக்குக் காது அடைச்சிட்டு வருதாம். ஒங்க கொரல ஒருக்கா கேக்கணுங்காவ. குடுக்கட்டுமா?"

நெடுநேரம் அருவி மட்டும். பல்லி வாயே திறக்கவில்லை.

"ஆகட்டும்."

அதற்குப் பிறகுதான் டேப் பொத்தான் அமுங்கும் 'டக்' சத்தம் கேட்டது. "அன்பார்ந்த மெய்யன்பர்களே..." என்று அப்பா தொடங்கினார். எனக்கு உச்சந்தலை வரை சிலிர்த்துவிட்டது.

"நிப்பாட்டு. மொதல்லருந்து போடு" என்றாள் அம்மா. போட்டேன். மறுபடியும் "ஆகட்டும்" வந்ததும் நிறுத்தச் சொன்னாள். எத்தனை முறை போட்டாலும் மெய்யன்பர்களைத் தாண்ட விடவில்லை.

"அம்மா, பேச்சு மீதி இருக்கு. நல்லாப் பேசியிருக்காருமா."

"அதெல்லாம் ஊருக்குச் சொன்னதுலே. நான் கேட்டு ஒருநாளும் அவிய ஆகட்டும்னு சொன்னதில்ல. இதுதான் எனக்குச் சொன்னது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவரே குரலை மாற்றிச் சொல்லியிருப்பாரோ என்று எனக்கொரு சந்தேகம். அம்மாவின் காது அன்றைக்கு எவ்வளவு கேட்டது என்பதும் தெரியாது.

"அண்ணாச்சி, அந்த ஆகட்டும் யாரு சொன்னது?"

"உரியவர்தான்" என்றார். "சந்தேகமா இருந்தா மறுபடி கேக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்" என்று வைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு இப்போது காது சுத்தமாக அடைத்துவிட்டது. போன மழைக்காலத்தில் அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார். விஷயம் தெரியாமல், அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று அருவிப் பக்கம் போனபோது நூலகத்துக்குள் நுழைந்தேன். புதிதாக வந்திருக்கும் பெண்தான் சொன்னாள். ஒயரை எல்லாம் முறையாக மாட்டியிருந்தாள். நகல்கள் இப்போது கேட்ட அன்றைக்கே போகின்றனவாம். இரைச்சலே கிடையாதாம். எனக்கு என்னவோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நிக்கீங்களே சார், உக்காருங்க" என்று அந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சுவரில் பல்லி ஒன்று சத்தம் கொடுத்தது.

"வேண்டாம்மா" என்றேன். "அதுல ஆள் இருக்கு."